பெரியப்பா கட்டினால் கலை, நான் கட்டினால் நோயா?

கடலூர் மாவட்டத்திலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அவருடைய பெரியப்பா தெருக்கூத்தில் பெண் வேஷக்காரர். பாரதக் கூத்தில் அவர் திரௌபதி கட்டிவந்தால், துகிலுரிதல் அன்றைக்கு ஊர்ப் பெண்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்களாம். சின்ன வயதில் பெரியப்பாவுக்கு அரிதாரம் குழைத்துக் கொடுத்ததும், விடிந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு அவர் முகத்தைத் துடைத்துவிட்டதும் இவர்தான். கடந்த இரண்டு வருடங்களாக, லீவு நாட்களில் புதுச்சேரியிலும் பெங்களூரிலும் டிராக் (பெரும்பாலும் எதிர்பாலின வேஷம் கட்டி, மிகைப்படுத்தி ஆடிப் பேசும் மேடைக் கலை) நிகழ்ச்சிகள் செய்கிறார். மேடையில் அவர் பெயர் 'பவளமல்லி' (இதுவும் மாற்றப்பட்ட பெயர்தான்).

சித்தி மகன் ஒரு வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். இதை 'சரி பண்ணுகிற' டாக்டர் சென்னையில் இருக்கிறார் என்று மாமா நிற்கிறார். தை பிறந்ததும் நிச்சயம் செய்வதாக ஒரு பெண்ணைப் பேசியும் வைத்திருக்கிறார்கள். திருநங்கைத் தோழி ஒருவர், "நீ எங்க ஆளுதாண்டி, எத்தனை நாளைக்கு ஒளிஞ்சுக்குவ?" என்கிறார். பெங்களூரு டிராக் நண்பரோ, "நீ ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல" என்கிறார். கடிதத்தின் கடைசிப் பத்தி இது:

"நிகழ்ச்சி முடிஞ்சு மேக்கப்பைக் கலைக்கும்போது அழுகையா வருது அக்கா. உண்மையான ஆம்பளையா இருந்தா இது எனக்குப் பிடிக்குமா? நான் திருநங்கையா, இல்ல வெறும் நடிகனா? பெரியப்பா செஞ்சதைத்தானே நானும் செய்யறேன்? அவரு கட்டினா கலை, நான் கட்டினா நோயா?"

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எதிர்பாலின உடையை அணிவதற்கென்று முந்தைய பட்டியலில் இருந்த தனிக் குறியீடு இதில் இல்லை. திருநர் அடையாளத்தையும் மனநோய்கள் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். ஆக, நாளைக்கே நீங்கள் திருநங்கை என்று உங்களுக்குத் தெளிவானாலும் அதுவும் நோய் ஆகாது. மருத்துவம் இதில் தெளிவாக இருக்கிறது. அம்மாவிடமும் இந்தத் தெளிவோடே பேசுங்கள்.

ஆனால் "பெரியப்பா செஞ்சதைத்தானே நானும் செய்யறேன்" என்பதில் பாதிதான் சரி. பெண் வேஷம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. நீங்கள் வேலைக்குப் போகிற ஊரிலேயே, கருவடிக்குப்பத்தில் தமிழ் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1922-ல் மறைந்தார். அவர் வளர்த்த பாலர் நாடக சபையில் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் எல்லாரும் பையன்கள்தான். அங்கே பயின்ற டி.கே. சண்முகம் பின்னாளில் அவ்வையாராக நடித்துப் புகழ் பெற்றார். ஒரு கிழவியின் பெயரையே பட்டமாகச் சேர்த்து 'அவ்வை சண்முகம்' என்று நாடு அவரை அழைத்தது. அவருடைய ஆண்மையை யாரும் சந்தேகப்படவில்லை.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பெரியப்பா கட்டிய திரௌபதி பாரதத்திலிருந்து வந்தவள். அவள் எப்போது அழ வேண்டும், எப்போது சபதம் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்பே முடிவானது. பவளமல்லியை நீங்களே உண்டாக்கினீர்கள். புருவத்தின் மேல் பசைக் குச்சியைத் தேய்த்துப் படிய வைத்து, அதற்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் புதுப் புருவம் வரைகிறீர்கள். இடுப்புக்கு ஸ்பாஞ்ச் வெட்டி வைக்கிறீர்கள். அவள் என்ன பேசுவாள், யாரைக் கிண்டல் செய்வாள் என்பதை எல்லாம் உங்களுக்குள்ளிருந்தே எடுக்கிறீர்கள். அதனால்தான் கூத்துக் கலைஞருக்கு அவ்வளவாக எழாத கேள்வி டிராக் கலைஞருக்கு எழுகிறது: இவள் யார், எனக்குள் எங்கே இருந்தாள்? இந்தக் கேள்வி வந்ததற்காகப் பயப்படாதீர்கள். அந்தக் கலை செய்கிற வேலைகளில் இதுவும் ஒன்று.

மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்

மேடையில் என்ன கட்டுகிறேன், எனக்குள் நான் யார், யாரை விரும்புகிறேன்: இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். உங்கள் மாமா மூன்றையும் ஒன்றென்று நினைக்கிறார். உங்களைச் சுற்றியுள்ள நண்பர்களும், அன்போடுதான் என்றாலும், அதையே செய்கிறார்கள்.

டிராக் கலைஞர்களின் கதைகளைப் பார்த்தாலே இது விளங்கும். தன்னை 'டிராக் ராணி' என்று சொல்லிக்கொண்டவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் வில்லியம் டோர்சி ஸ்வான், அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர். 1880-களில் வாஷிங்டனில் ஆண்கள் பெண் உடையில் கூடி ஆடும் விருந்துகளை நடத்தினார், அதற்காகக் கைதும் ஆனார். அமெரிக்க டிராக் கலைஞர் ரூபால் நடத்தும், இன்றைக்கு உலகம் முழுக்கப் பார்க்கிற தொலைக்காட்சி டிராக் போட்டி 2009-ல் தொடங்கியது. கைலி சோனிக் லவ் 2010-ல் அதில் கலந்துகொண்டபோதே தான் ஒரு பெண் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு 2021-ல் அதன் சிறப்புப் போட்டி ஒன்றில் பட்டமும் வென்றார். அதே 2021-ல் காட்மிக் என்ற திருநம்பி போட்டியிட்டார். பெண்ணாகப் பிறந்ததாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர், மேடைக்காகப் பெண் வேஷம் கட்டினார். அடுத்த வருடம் மேடி மார்ஃபோசிஸ் வந்தார். அவர் பெண்களை விரும்பும் ஆண், பெண் வேஷம் அவருக்கு மேடைக்கு மட்டும்தான். மூன்று பேரும் கட்டியது ஏறக்குறைய ஒரே வேஷம். உள்ளே இருந்தவர்கள் மூன்று விதம். ஆண் வேஷம் கட்டி 'டிராக் கிங்' என்று மேடை ஏறும் பெண்களும் இருக்கிறார்கள்.

அந்த உலகத்துக்குள்ளேயே இது எளிதில் தீர்ந்துவிடவில்லை. உடலை மாற்றிக்கொண்ட திருநங்கைகளைப் போட்டியில் சேர்க்க மாட்டேன் என்கிற தொனியில் 2018-ல் ரூபால் பேசி, கடும் எதிர்ப்புக் கிளம்பி, பிறகு மன்னிப்புக் கேட்டார். 'ஆண் கட்டினால்தான் டிராக்' என்ற எண்ணம் அவர்களிடமும் ஊறிப்போயிருந்தது என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டிலும் பாருங்கள். குச்சிப்புடியில் வேதாந்தம் சத்யநாராயண சர்மா சத்யபாமாவாகவே அறியப்பட்டு 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்கு அது குல வித்தை, ஆணாகவே வாழ்ந்தார். வங்காளத்து ஜாத்ரா நாடகங்களில் ராணி வேஷங்களால் பெயர் வாங்கிய சபல் பாதுரி, தான் ஆண்களை விரும்புபவன் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பெண்களே மேடை ஏறத் தொடங்கியதும் அவருடைய வாய்ப்புகள் வற்றிப்போயின. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற பரத நாட்டியக் கலைஞர். அவர் வேஷமே கட்டவில்லை. அவர் ஒரு பெண், தன் வாழ்க்கையை ஆடுகிறார்.

இந்தக் கடைசி உதாரணத்தைக் கொஞ்சம் மனதில் நிறுத்துங்கள். உங்கள் தோழியிடம் என்றைக்காவது, "நானும் உன்னை மாதிரிதானே வேஷம் கட்டறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். 'பொம்பள வேஷம் போட்டுத் திரியறான்' என்ற ஏச்சைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டே வளர்ந்தவர்கள் திருநங்கைகள். உங்களுக்கு அது மேடை. அவருக்கு அது ரேஷன் கடை வரிசையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் தினம் தினம் வாழ்கிற வாழ்க்கை.

மேக்கப்பைக் கலைக்கும்போது வரும் அழுகை

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்த இடத்தைத்தான். அந்த அழுகைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். இரண்டு மணி நேரம் ஒரு கூட்டமே உங்களைக் கொண்டாடுகிறது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கடைசிப் பஸ்ஸில் கன்னியக்கோயில் தாண்டி, யாரிடமும் எதையும் சொல்ல முடியாத வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். எந்தக் கலைஞருக்கும் அந்த இறக்கம் தாங்காது. உங்களுக்கு அதோடு ஒளித்து வைப்பதன் பாரமும் சேர்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எது வலிக்கிறது என்று கவனியுங்கள். பவளமல்லி கலைந்துபோவது வலிக்கிறதா? அல்லது கலைந்த பிறகு தெரிகிற தாடையும் மார்பும் குரலும் 'இது என்னுடையது இல்லை' என்று வலிக்கிறதா? கைதட்டலே இல்லாத, யாருமே பார்க்காத ஒரு திங்கட்கிழமை காலையிலும் பெண்ணாக இருக்க மனம் ஏங்குகிறதா? ஆபீசில் 'சார்' என்று கூப்பிடும்போது உள்ளே ஏதாவது சுருங்குகிறதா? இதெல்லாம் மார்க் போட்டுப் பாஸ், ஃபெயில் சொல்கிற பரீட்சை இல்லை. சில மாதங்கள் உங்களை நீங்களே பொறுமையாகப் பார்ப்பதற்கான வழி.

கடிதத்தை மட்டும் வைத்து உங்கள் பாலினத்தை நான் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. என் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன். தாடி விட்டிருக்கும் நாட்களில் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று தோன்றுவதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கைலி கட்டிக்கொண்டு நண்பர்களோடு சில்வர் பீச்சில் உட்கார்ந்திருப்பது பிடிக்கும் என்கிறீர்கள். உடம்பின் மேல் வெறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. ஒளிய வேண்டியிருப்பதன் மேல்தான் வெறுப்பு பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆகவே இப்போதைக்கு எனக்குத் தெரிவது, தன் கலையை மனதாரச் செய்கிற, அதை மறைத்து மறைத்து களைத்துப்போன ஓர் ஆள். நாளைக்கு உங்கள் உணர்வு மாறலாம். 'இரண்டுக்கும் நடுவில்' என்று நண்பர் சொன்னதுதான் பொருந்துகிறது என்றும் தோன்றலாம். தோன்றினால் தவறில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், நண்பர் இல்லை. தன் பாலினம் எது என்று தீர்மானிப்பது அந்தந்த மனிதரின் உரிமை என்று 2014 ஏப்ரலில், திருநர் உரிமை பற்றிய நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமைக்குள், இன்னும் தீர்மானிக்காமல் இருப்பதும் அடங்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

"உண்மையான ஆம்பளையா இருந்தா இது பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கலாம் தம்பி. மயானக் கொள்ளை அன்றைக்குப் புடவை கட்டி, அங்காளம்மனாக முகத்துக்குச் சாயம் பூசி ஊரைச் சுற்றி வருகிற ஆண்களைப் பார்த்துத்தானே வளர்ந்தீர்கள்? கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்பவர்களில் திருநங்கைகளோடு, வேண்டுதலுக்காகக் கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களும் உண்டு. அவர்களிடம் போய் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மாமா சொல்லும் வைத்தியம்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, போகாதீர்கள். பாலினத்தையோ ஈர்ப்பையோ 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்தான் மிஞ்சும். 2021 ஜூனில், தன்பாலின இணையர் பாதுகாப்புக் கேட்ட சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி மாற்ற முயல்வதைத் தடை செய்து, செய்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காக அவரே ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார், அதைத் தன் உத்தரவில் எழுதியும் வைத்தார். உங்கள் அப்பாவிடம் சட்டத்தைவிட இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு நீதிபதியே 'எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்' என்று உட்கார்ந்திருக்கிறார் என்றால் நம் வீட்டிலும் உட்காரலாம்.

2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் இத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அது நாடு முழுக்கப் பொருந்தும். சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் உண்டு, எனவே எல்லை தாண்டினால் சட்டம் மாறிவிடுமோ என்ற கவலை வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக்கூடாது என்கிறது. நீங்கள் வயதுக்கு வந்தவர். உறவினர்கள் நினைத்தபடி எல்லாம் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட முடியாது.

ஆனால் ஆலோசகரிடமே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரத்தில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. யாரிடம் போனாலும் முதலில், "மாற்றுவதற்காக வரவில்லை, புரிந்துகொள்ள வந்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அந்த மாத்திரை அட்டை

கருத்தடை மாத்திரை போட்டால் முகம் மினுமினுப்பாகும் என்று யாரோ சொன்னதால் ஓர் அட்டை வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து தொடாதீர்கள். அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்தைக் கூட்டும். சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்னும் மோசம். தொடர்ந்து சாப்பிட்டு மார்பு வளர்ந்துவிட்டால் மாத்திரையை நிறுத்தினாலும் அது பழையபடி ஆகாது. உண்மையிலேயே உடலை மாற்றிக்கொள்ள வேண்டியவர்களுக்கு, ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்த்து ஹார்மோன் தருகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். மேடைக்கு மினுமினுப்பு வேண்டும் என்றால் அதற்கு மேக்கப் போதும்.

வீட்டில் பேசுவது

அம்மா, அப்பா, மாமா, சித்தி மகன் என்று எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா என்ன சொன்னார் என்று எழுதவே இல்லை. வீடியோவை அவரிடம் யாராவது காட்டினார்களா? நீங்களே போய்க் காட்டுங்கள். அவருக்குப் பிடிக்காமல் போகலாம். கூத்து மேடையையும் கஃபே மேடையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவர் மறுக்கலாம், அதற்கும் தயாராகப் போங்கள். ஆனால் பெண் வேஷக்காரர்கள் கூத்து முடிந்த பிறகு பட்ட கேலி, கைபிடித்து இழுத்த கைகள் இதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. கற்பூரம் ஏற்றியவர்களைப் பற்றித்தான் நம்மிடம் சொல்லியிருப்பார். மற்றதையும் கேளுங்கள். உங்கள் அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் அவராகத்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவிடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். 'டிராக்', 'பாலின அடையாளம்' என்ற சொற்களோடு தொடங்காதீர்கள். "எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, கெட்ட வழியில போகல, மேடையில ஆடறேன்" என்று தொடங்குங்கள். முதலில் அவர் பயம் அடங்கட்டும்.

தை மாதக் கல்யாணம்

ஆண்களிடமும் பெண்களிடமும் ஈர்ப்பு வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒரு பெண்ணோடு நீங்கள் நல்ல குடும்பம் நடத்த முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஹைதராபாத் டிராக் கலைஞர் பட்ருணி சாஸ்திரி ஒரு பெண்ணை மணந்து, குழந்தையும் வளர்த்து, டிராக்கும் செய்கிறார். மனைவிக்கு எல்லாம் தெரியும். அந்தக் குடும்பம் நிற்பதே அதன் மேல்தான்.

'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று மாமா சொல்வதும், 'கல்யாணத்துக்குப் பிறகு மெதுவா சொல்லிக்கலாம்' என்று நீங்கள் நினைப்பதும் ஒரே தவறுதான். இரண்டிலும் பாதிக்கப்படுவது, இன்றுவரை உங்களை ஒருமுறை மட்டுமே பார்த்திருக்கும் அந்தப் பெண். பவளமல்லி யார் என்று தெரியாத பெண்ணின் கழுத்தில் தாலி கட்டாதீர்கள். உங்கள் குழப்பத்துக்கு அவகாசம் எடுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, அவளுடைய வாழ்க்கையைப் பணயம் வைத்து இல்லை. உங்கள் மேல் எவ்வளவு அக்கறை இருந்தாலும் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனவே முதல் வேலையாக நிச்சயத்தை நிறுத்துங்கள். பெண் வீட்டில் துணிமணி எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள். காரணம் முழுவதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேண்டும், பெண் மேல் எந்தக் குறையும் இல்லை" என்று சொன்னால் போதும். பெண் மேல் குறையில்லை என்பதை மட்டும் நாலு பேர் காதில் விழும்படி சொல்லுங்கள். மாமாவை விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். நீங்களே போய், அப்பாவோ பெரியப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள்.